தவராசா அண்ணையின் மாமரத்தில் தொங்குறிஞ்சி

தர்மபுரம்,
12.10.1997

மதிப்புக்குரிய அத்தானுக்கு, சூசைப்பிள்ளை எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கு காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும் உண்டு. அங்கு நீங்களும் றஞ்சனி அக்காவும் இருமலும் இல்லாமல் இருக்க மன்றாடுகிறேன்.

விசயம் என்னவென்றால், முள்ளியவளையில் எங்களுக்கு ஒரு கொட்டில் போட உடனே இடம் பார்க்கவும். கடற்கரையை விட்டு வந்த நாளிலிருந்து பதினைந்து மாதமாகத் தவராசா அண்ணை தன் வளவில் எங்களை இருத்தியிருக்கிறார், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அதை என் மகள், உங்கள் மருமகள் ஜெயரூபினி கெடுத்துவிட்டாள். பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு வேறொரு கிரகத்துச் செடி செய்யப்போகிறேன் என்றாள், செய் பிள்ளை என்றேன், என் கிழிந்த வலையையும் பழைய சைக்கிள் ரியூப்பையும் எடுத்து ஆறடி நீளத்தில் ஒரு சாமானைக் கட்டி, பசை காயட்டும் என்று தவராசா அண்ணையின் மாமரத்தில் தொங்கவிட்டாள். பெயர் தொங்குறிஞ்சியாம். அந்தக் கிரகத்தில் நிலமெல்லாம் கொதிக்கிற சேறாம், அதனால் இது மரத்தில் தொங்கிக்கொண்டே பிறக்குமாம். அதோடு நின்றாளா? கீழே ஒரு மட்டையில், "இதற்குச் சொந்த மண் இல்லை. இன்னொரு மரத்தில் வந்து ஒட்டி, அதன் சாற்றைக் குடித்தே வாழும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்.

தவராசா அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"ஆரைப் பற்றி எழுதினது?" என்று கேட்டார்.

"வேற கிரகம் அண்ணை," என்றேன்.

"ஓம், ஓம்" என்று சொல்லிப் போனவர்தான், இரண்டு நாளாக என்னோடு கதையில்லை. அவர் மனுசி விமலேஸ்வரி அக்காவோ மட்டையை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று சிரித்தா. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் பயம். என் மனுசி ஞானமலர் பானை சட்டியைச் சாக்கில் கட்டிவிட்டாள். மகளைக் கேட்டால், "அப்பா, இது உயிரியல்" என்கிறாள். மாரி தொடங்கமுதல் பதில் போடவும்.

உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்கச் செபிக்கும் மைத்துனன்,
சூசைப்பிள்ளை

பி.கு.: இடம் பார்க்க வேண்டாம். கடிதத்தை ஒட்டமுதல் தவராசா அண்ணை வந்தார்.

"சூசை, இந்த வளவு மனுசியின்ர சீதனம். நான் வந்து ஒட்டினவன் எண்டு உம்மட பிள்ளைக்கு ஆர் சொன்னது?"

"அண்ணை, அது எங்களைத்தான் எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்," என்றேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "உந்தச் செடி விழுந்தா மரம் தப்புமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை மாமா, மரம் காஞ்சு போகும். காத்தில இருக்கிற ஈரத்தைப் பிடிச்சு மரத்துக்குக் குடுக்கிறது இதுதான்."

அவர் எழும்பிப் போய், எங்கள் கூரைக்கு இருபது கிடுகு கொண்டுவந்து இறக்கினார். அந்த ஈரத்துச் சங்கதியை மட்டையில் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிதாக எழுதவேண்டுமாம். விமலேஸ்வரி அக்கா குசினியால் வெளியே வரமுதல்.