வெளிச்சம் ஒழுகாத குகை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். நீங்கள் கொடுத்த பழைய கம்ப்யூட்டரும் நலம்தான், உடம்பு மட்டும் எந்நேரமும் சூடாக இருக்கிறது. அங்கே சின்னவர் பெரியவர் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். ஒரு கதவு விஷயமாக உங்கள் உதவி தேவைப்படுகிறது. போனில் கேட்டால் உங்கள் அக்கா பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுப்பாள் என்பதால் கடிதம்.

என் மகள், அதாவது உங்கள் மருமகள், வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து சனிக்கிழமை மதியம் தோழிகளோடு கம்ப்யூட்டரில் விளையாடுகிறாள் அல்லவா, ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வழியே பேசிக்கொண்டே ஒரே குகைப் படத்துக்குள் காய் நகர்த்திப் பூதத்தைத் தேடுவார்களே, அதில் எப்போதும் குகையை அமைப்பவள் அவள்தான். அமைத்தவளுக்குப் பூதம் இருக்குமிடம் தெரிந்துவிடும், அப்புறம் என்ன சுவாரஸ்யம்? "ஒரு தடவையாவது நானும் இருட்டுல தட்டுத் தடுமாறி நடக்கணும்பா, நீங்க கட்டுங்க" என்றாள். போனில் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வைக்கிறேன்" என்பதைத் தாண்டாத பிள்ளை தானாக வந்து ஒரு வேலை கொடுத்திருக்கிறாள், இதைச் சொதப்பினால் பழையபடி "வைக்கிறேன்"தான் என்று பயந்துகொண்டே இறங்கினேன்.

மாப்பிள்ளை, இது சாதாரணச் சங்கதி இல்லை. படத்தின் மேல் கோடு இழுத்தால் அது சுவர், காயின் பார்வை அங்கே நின்றுவிடும். விளக்கு வைத்தால் சுற்றிலும் வட்டமாக வெளிச்சம், அதற்கு வெளியே மங்கல், அப்புறம் கும்மிருட்டு. ஒரு தூணை நட்டு, அதைச் சுற்றிக் காயை நடத்தினால் நிழலும் கூடவே சுற்றி வருகிறது! ஒரு மாலை முழுக்கச் சுற்றினேன். எனக்கொரு சந்தேகம்: கையில் விளக்கு வைத்திருப்பவனை அத்தனை பேரும் பார்க்கிறார்கள், அவனுக்கு மட்டும் நாலு அடிக்கு மேல் தெரிவதில்லை. இது என்ன நியாயம்?

வெள்ளோட்டம் பார்க்கத் தோழிகளைக் கூப்பிட்டால் எல்லாரும் "ஒண்ணுமே தெரியல, ஒரே கறுப்பு" என்கிறார்கள். எனக்கோ பூதத்தின் பல் வரைக்கும் தெரிகிறது. "கண்ணாடி போட்டுப் பாருங்கம்மா" என்றேன். கட்டுபவருக்கு எல்லாம் தெரியும், காய்களுக்கு நான்தான் ஒவ்வொன்றாகக் கண் கொடுக்க வேண்டும் என்று மகள் அப்புறம் சொன்னாள். கொடுத்தேன். உடனே அடுத்த புகார். "அப்பா, சுவர் மூலையில இடைவெளி இருக்கு. வெளிச்சம் ஒழுகுது. பூதத்தோட வால் தெரியுது."

ஒழுகுது என்று என்னிடம் சொல்லலாமா? காலம் பூராவும் குழாய் வேலை பார்த்தவன் நான். மூலை, முடுக்கு, எங்கெல்லாம் ஒரு துளி வெளிச்சம் அடுத்த அறைக்குப் போனதோ அங்கெல்லாம் கோடு இழுத்து அடைத்தேன். உங்கள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சமையலறைக் குழாய் ரெண்டு மாசமா சொட்டுது, அதக் கேக்க ஆளில்ல. இல்லாத குகைக்கு ஒழுக்கு அடைக்கிறாரு" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை மகளும் தோழிகளுமாக நாலு பேர் முதல் அறையில் இறங்கினார்கள். சுற்றினார்கள். சுவரைத் தடவினார்கள். "அங்கிள், வெளிய போற வழி எங்க?" அப்போதுதான் உறைத்தது: வாசல் வழியாகவும் வெளிச்சம் போயிருக்கிறது, அதையும் சேர்த்து அடைத்திருக்கிறேன்! பதற்றத்தில் எதையோ அமுக்க, இருந்த ஒரே விளக்கும் அணைந்தது. "கதவு வச்சதும் கூப்பிடுங்க அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே தோழிகள் எழுந்து போய்விட்டார்கள். நான் கதவுப் பொத்தானைத் தேடுகிறேன், தேடுகிறேன், கிடைத்தால்தானே!

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. கதவத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"மெதுவா தேடுங்க." பிறகு அவளே சொன்னாள்: "நான் அந்த வேலைய விட்டுட்டேன்பா. போன மாசமே."

"ஏம்மா?"

"மேல இருக்கறவரு தினமும் எல்லார் முன்னாடியும் கத்துவாரு. இப்ப ஒரு அச்சகத்துல சேந்திருக்கேன், நல்லாருக்கு. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல. இப்படி இருட்டுல உக்காந்து சொல்றது சுலபமா இருக்கு."

"அச்சகத்துல தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்கத் தெரியும் எனக்கு? விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அந்தக் கத்தல்காரரைப் பற்றி, மெஷின்காரம்மாவைப் பற்றி, மாடி அறையைப் பற்றி, தோழிகள் திரும்பி வரும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப் பூதத்தை யாருமே பார்க்கவில்லை. "அடுத்த வாரமும் நீங்களே கட்டுங்கப்பா. கதவோட" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவசியம் வந்து, கதவு வைப்பது எப்படி என்று இந்த மரமண்டைக்குச் சொல்லித்தர வேண்டும். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. சூடான கம்ப்யூட்டர் சார்பிலும் விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கதவுக்காக நீங்கள் மெனக்கெட்டு வர வேண்டாம். சுவர்ப் பொத்தானுக்குப் பக்கத்துப் பொத்தான்தான் கதவு. தோழிகள் எழுந்து போனபோதே கண்ணில் பட்டுவிட்டது. "அப்பா, இருக்கீங்களா?" என்றாள், அதை அமுக்காமல் கையை எடுத்துவிட்டேன். அடுத்த வாரக் குகையைக் கட்டி முடித்தாயிற்று. கதவைத்தான் எங்கே வைப்பதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.