சிமெண்ட் தரையில் மழுங்கிய செயின்

நன்றாக மரம் வெட்டிக்கொண்டிருந்த செயின்சாவின் பற்களை என் வீட்டு சிமெண்ட் தரையில் நானே தேய்த்து மழுக்கினேன். பழியை வேறொருவர் மேல் போட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நன்னெறி நடத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் செய்த காரியம் இது.

அந்த வேறொருவரை ஊரில் பத்துவிரல் என்பார்கள். புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் அவரைப்போல் பயந்தவர் கிடையாது. அவருடைய பயத்தைப் பார்த்துப் பயப்படாதவரும் கிடையாது.

செயின்சா செயின்களைத் தீட்டித் தருவது அவர் தொழில். தீட்டியதைக் கையில் கொடுக்குமுன், வந்தவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்ட வேண்டும். எண்ணுவார். "பத்தோட போறீங்க, பத்தோட வாங்க" என்பார். எண்ணெய்ப்பனை ஆலையில் ஒரு விரலை விட்ட முனியாண்டி வந்தபோது எண்ணிக்கை ஒன்பதில் நின்றுவிட்டது.

"மீதி ஒன்னு எங்க?"

"அது போயி இருபது வருஷம் ஆச்சுண்ணே."

"அப்ப வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வா. சாட்சி வேணும்லா."

அந்த அம்மாள் நேரில் வந்து, "நான் ஒம்பதோடதாண்ணே கட்டிக்கிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் செயின் கிடைத்தது.

கடைசியாக வெட்டிய மரத்தின் தூளையும் ஒரு பையில் கொண்டுபோக வேண்டும். செதிலாக இருந்தால் பல் கூர்மை. மாவாக இருந்தால் மழுங்கிவிட்டது. என் தூளை விரலில் தேய்த்துப் பார்த்து அவர் வெளிறிப்போனார். "என்னா சார், மூஞ்சிக்குப் போடுற பவுடரு மாதிரி இருக்கு? மழுங்குன செயினப் போட்டு அழுத்துவீங்க. அழுத்துனா எகிறும். எகிறுனா மூஞ்சி." சொல்லிவிட்டுத் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானும் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

என் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரம் படுக்கையறைக் கூரைப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. காற்றடித்தால் என் மனைவி தலையணையோடு முன்கூடத்துக்கு ஓடுவாள். அதற்காகத்தான் செயினைத் தீட்டி வாங்கி வந்து மாட்டினேன். மெஷின் கத்தியது, புகைந்தது. மரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அன்று சாயங்காலம் கோப்பிக் கடையில் சொன்னேன்: "பத்துவிரலுக்குக் கண்ணு போச்சு. விரல எண்ணத் தெரியுது, பல்லு தெரியல." எல்லாரும் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் மரம் வெட்டும் ஆட்கள் தூரத்துச் சுங்கை பெசார்வரை செயினைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

பிறகுதான் ஒரு நாள் காலையில் செயினை உற்றுப் பார்த்தேன். பல்லின் கூர்முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். சரியாக மாட்டி இயக்கினேன். கை பருமன் கிளை ஒன்று ஒரே மூச்சில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. "சார், அந்தச் செயின ஒரு தடவ பாக்கணும். அரை மணில வரேன்." பத்துவிரல்தான்.

உண்மையைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் இருந்தது. கோப்பிக் கடைச் சிரிப்பு முழுவதும் என் பக்கம் திரும்புவதை நினைத்தேன். ஓடும் செயினை சிமெண்ட் தரையில் வைத்தேன். தீப்பொறி பறந்தது.

வந்தார். குந்தி உட்கார்ந்து பல் பல்லாகத் தடவினார்.

"கல்லுல பட்ட மாதிரி இருக்கே சார்."

"நீங்க குடுத்தபடியேதான் மாட்டினேன் தம்பி."

கண்ணைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று பலாமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரோ என்னைப் பார்க்கவே இல்லை. தன் கையை முகத்துக்கு நேரே பிடித்து விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார் பொய் சொல்ல மாட்டாரு," என்று தனக்குத்தானே சொன்னார். "அப்ப என் கண்ணுதான் பொய் சொல்லுது. இந்தக் கண்ண வச்சித் தீட்டி, எவன் மூஞ்சியாவது போனா?"

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. நான்காம் நாள் முனியாண்டி வந்து சொன்னான்: "அண்ணன் காலண்டர செவுத்துல மாட்டி, தூர நின்னு படிக்கிறாரு சார். சரியாத்தான் படிக்கிறாரு. ஆனா நம்ப மாட்டேங்கிறாரு."

ஐந்தாம் நாள் அவரைத் தேடிப் போனேன். செயினைத் தலைகீழாக மாட்டியது, சிமெண்ட் தரை, எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா சார்?"

"நல்லா இருக்கு தம்பி."

"இப்ப சொல்றது நெசந்தானே?"

அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான்.

கோப்பிக் கடையிலும் எழுந்து நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பலாமரத்தை அவரே வந்து வெட்டினார், என்னையும் என் மனைவியையும் ஆறு வீடு தள்ளி நிறுத்திவிட்டு.

ஆனால் நான் கிளப்பிவிட்ட பயம் அவரை விட்டுப் போகவில்லை. தீட்டிய செயினை இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான் கொடுக்கிறார். அந்த இன்னொருவர் நான்தான். தினமும் காலையில் அவர் கடையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பல் பல்லாகப் பார்க்கிறேன்.

"என்னைப் போயி ஏன் தம்பி நம்புறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீங்கதான் சார் இப்ப என்னவிடப் பயந்து கெடக்கீங்க. பயந்தவன் ரெண்டு தடவ பாப்பான்."

மதியம் நான் கிளம்பும்போது, "சார், கை" என்பார். நீட்டுவேன். பத்தையும் எண்ணி முடித்த பிறகும் சற்று நேரம் என் கையை விடமாட்டார். நானும் இழுத்துக்கொள்வதில்லை.