மாமியார், மருமகள், ஒரு காலி ஆணி

"டாக்டர், மூடி! மூடியைக் கழட்டுங்க!" என்று ஏணி மேலிருந்து ஒரு குரல் கத்தியது.

பல் டாக்டர் காதில் வாங்கவில்லை. தலைக்கு மேலே பழைய விசிறி விமானம் கடகடவென்று போயிற்று. பக்கத்திலேயே புத்தம்புது போர் ஜெட் மூக்கைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் கேமராவை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். இரண்டும் மறைந்த பிறகு பார்த்தால் திரை முழுக்க அமாவாசை. லென்ஸ் மூடியை அவர் கழற்றவே இல்லை.

"அப்பவே சொன்னேனே," என்றார் ஏணிக்காரர்.

விமானத் திடலின் வேலி உயரம். அதற்கு மேல் தலை தெரிந்தால்தான் நல்ல படம் கிடைக்கும் என்று, வருஷா வருஷம் இந்த விமானக் காட்சிக்கு அலுமினிய ஏணியோடு வருகிற மனிதர் அவர். டாக்டரின் மனைவிக்கு அவர் நல்ல பழக்கம். டாக்டருக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. தன் மனைவியோடு மணிக்கணக்கில் விமானம் பேச இன்னொருத்தருக்குத் தெரிகிறதே என்ற எரிச்சல்தான்.

கேமரா மனைவியுடையது. இந்த வருஷம் அவள் இல்லை.

பழைய விமானத்துக்கு அவள் வைத்த பெயர் மாமியார். ஜெட்டுக்கு மருமகள். "அவங்களால வேகமா போக முடியாது, இவளால மெதுவா போக முடியாது. ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரே படத்துல நிக்கணுங்க. எனக்கு அது போதும்," என்பாள். ஒவ்வொரு வருஷமும், "கோட்டை விட்டுட்டேங்க!" என்று சிரித்துக்கொண்டே வந்து காரில் ஏறுவாள். வீடு வந்து சேரும்வரை வாய் ஓயாது. கூடத்துச் சுவரில் அந்தப் படத்துக்கென்றே அடித்த ஆணி மட்டும் காலியாகவே இருந்தது.

கிளினிக்கை மூடிவிட்டு டாக்டர் மனைவியோடு வெளியே போனது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அதையும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முணுமுணுத்தே கழித்தார். "அந்தப் படம் கிடைக்கிற வரைக்கும்தான் வருவேன். கிடைச்சதும் ஆளை விடு," என்று கறாராகச் சொல்லியும் வைத்திருந்தார். கடைசியில் ஆளை விட்டுப் போனது அவள்தான்.

"இன்றோடு நம் பழைய விமானம் பறப்பதை நிறுத்திக்கொள்கிறது. இன்னும் மூன்று சுற்று," என்று ஒலிபெருக்கி சொன்னது. அந்தக் காலி ஆணிக்கு இன்றைக்குப் படம் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

அடுத்த சுற்றில் மூடி இல்லை. படத்தில் மருமகள் துல்லியமாக விழுந்திருந்தாள், இறக்கையின் திருகாணிகூடத் தெரிந்தது. ஆனால் மாமியாரின் விசிறி அசையாமல் நின்றது.

"என்னங்க இது, இன்ஜின் நின்னுபோச்சா?"

"அதெல்லாம் நிக்கல டாக்டர். ஷட்டரை ரொம்ப வேகமா வெச்சுட்டீங்க. சுத்துற விசிறி அப்படியே உறைஞ்சுபோச்சு."

டாக்டர் திரையையே பார்த்தார். அப்படி மூச்சில்லாமல் கிடந்த ஒருத்தியை அவர் பார்த்திருக்கிறார். இதைக் கொண்டுபோய் ஆணியில் மாட்ட மனம் வருமா?

"ஷட்டரை மெதுவாக்கினா சரியாயிடும். அதுக்குத்தான் பயிற்சி எடுத்துட்டு வந்திருக்கேன்," என்றார் வீம்பாக.

பயிற்சி கிளினிக்கில் நடந்தது. நோயாளி வாயைப் பிளந்து படுத்திருக்க, டாக்டர் நிமிர்ந்து நின்று கூரை ஃபேனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "டாக்டர், பல்லு கீழ இருக்கு," என்று ஒரு அம்மாள் நினைவுபடுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் படத்தில் ஃபேன் அழகாகச் சுழல்வதுபோல் விழுந்தது.

மூன்றாம் சுற்றில் அதே மாதிரி கேமராவைக் கல்லாகப் பிடித்து எடுத்தார். மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. வானத்தில் யாரோ ஈரத்துணியால் துடைத்த மாதிரி இரண்டு கோடுகள்.

ஏணிக்காரர் தலையில் கை வைத்தார். "ஃபேன் இருந்த இடத்துலயே சுத்தும் டாக்டர். இது போகுதுல்ல? நீங்களும் கேமராவோட கூடவே திரும்பணும். கூடவே போகணும்!"

"கூடப் போறதுதான் எனக்கு என்னிக்குமே வந்ததில்லையே," என்றார் டாக்டர்.

ஏணிக்காரருக்கு என்னவோ போலாகிவிட்டது. சட்டென்று கீழே இறங்கினார். "கடைசிச் சுற்று. மேல ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

டாக்டர் ஏறினார். இரண்டு விமானங்களும் உரசாத குறையாக ஒன்றாக வந்தன. இந்த முறை ஷட்டர் சரி, மூடி இல்லை, டாக்டரும் கூடவே திரும்பினார். திரும்பினார், திரும்பினார், ஏணியும் கூடவே திரும்பிற்று. "ஐயய்யோ!" என்று ஏணிக்காரர் அலற, டாக்டர் அவர் மேலேயே வந்து விழுந்தார். விழும்போதும் விரல் பொத்தானை விடவில்லை.

புல்லில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். திறந்த வாய் ஒன்று பளிச்சென்று விழுந்திருந்தது.

"கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிப் பல் சொத்தை," என்று பழக்கதோஷத்தில் சொன்னார். "நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க."

சொல்லி முடிக்கவில்லை, உடைந்துவிட்டார். கூட்டம் பார்க்கிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார்.

"அவ ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணுங்க. வருஷா வருஷம் கோட்டை விட்டா. பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன், ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கலை. இப்ப அந்த ஆணியைப் பார்த்துக்கிட்டே நான் எப்படிச் சாப்பிடுவேன், எப்படித் தூங்குவேன்? அந்தப் படம் கிடைக்காமலே போயிட்டாளேங்க!"

ஏணிக்காரர் ஏணியை மடக்கினார். திரும்ப விரித்தார். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டு அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க டாக்டர். அவங்க எடுத்த அந்தப் படம் மூணு வருஷமா எங்க வீட்டுச் சுவத்துல தொங்குது. கிடைச்சுடுச்சுன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் நீங்க அவங்ககூட வர மாட்டீங்களாம்."