கண்ணை மூடிக் கேட்ட எஞ்சின்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. சைக்கிளில் போகும்போதுகூட எதிரே பஸ் வந்தால் இறங்கி ஓரமாக நின்றுகொள்கிற ஆள் நான். ஆனால் வண்டிகளைப் பற்றி, அதிலும் பிக்கப் வண்டிகளைப் பற்றிப் பேசவிட்டால், கேட்கிறவருடைய டீ ஆறி ஆடை கட்டிவிடும். (ஓட்டுவதற்குத்தான் லைசென்ஸ் கேட்பார்கள். பேசுகிறவனை எந்தப் போலீஸும் மறித்ததில்லை.)

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் யூனிட்டில் எனக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வருகிற பீங்கான் விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்ல விளக்கு. சொத்தென்றால் உள்ளே கீறல், கழித்துப் போட வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறலைக்கூட நான் காதால் பிடித்துவிடுவேன் என்று யூனிட்டில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் என் தலைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. விளக்குக்குச் சரியாக இருக்கிற காது எஞ்சினுக்கு மட்டும் சரியாக இருக்காதா என்று நினைத்தேன்.

யூனிட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. லோடுக்குக் காத்திருக்கும் பிக்கப் டிரைவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அவர்களுக்குள் இரண்டு கட்சி. கம்பெனிகளின் பெயர் வேண்டாம், வெள்ளைக் கட்சி, நீலக் கட்சி என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளை வண்டி சத்தம் போடும், ஆனால் ஏரிக்கரை மேட்டில் முழு லோடோடு ஏறிவிடும். எந்த ஊர் மெக்கானிக்கும் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு அதைச் சரிசெய்துவிடுவார். நீல வண்டி பூனை மாதிரி போகும், டீசல் குறைவாகக் குடிக்கும். ஆனால் சென்சார் ஒன்று கோபித்துக்கொண்டால் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவரைத் தேடி அலைய வேண்டும். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி நான். இழுவிசை, கூலன்ட், இன்ஜெக்டர் என்று செல்போனில் பார்த்ததையெல்லாம் அள்ளி விடுவேன். டிரைவர்களும் பொழுது போக வேண்டுமே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் அந்தோணி அண்ணன் எனக்கு நெருக்கம். எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டிக்கு வருகிறவர். அவர் மூலமாகத்தான் மலர்விழியின் வீட்டில் பெண் பார்க்கப் போனேன். போனோம், கேசரி சாப்பிட்டோம், அவளும் வந்து நின்றாள். நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். நான்தான் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கணீரென்ற விளக்கெல்லாம் அவள் பெயரைச் சொல்வது போலவே இருந்தது. (நாலு கீறல் விளக்குகளை நல்லது என்று தள்ளிவிட்டேன். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.) ஆனால் அவளுடைய அப்பா ராமலிங்கத்திடமிருந்து மட்டும் பதில் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார்.

"தம்பி, ஒரு பழைய பிக்கப்பு வாங்கலாம்னு இருக்கறேன். வெள்ள ஒண்ணு, நீலம் ஒண்ணு, ரெண்டும் அங்கதான் வெலைக்கி இருக்குதாம். உங்களுக்கு வண்டின்னா அத்துப்படின்னு அந்தோணி சொன்னாரு. நீங்க பார்த்து எது சரின்னு சொல்லிட்டா வாங்கிக்கறேன்."

போனை வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பார்க்கப் போவது வண்டியை அல்ல, என்னை.

அந்தோணி அண்ணனும் அதையேதான் சொன்னார். "டேய் கதிரு, வாயக் கொஞ்சம் கட்டிக்க. அவரு பல்லப் புடிச்சிப் பார்த்து மாடு வாங்குறவரு. தெரியாதத தெரியாதுன்னு சொல்லிடு."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் யூனிட்டின் பின்சுவர் ஓரமாக இரண்டு வண்டிகளையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். சொந்த இடம், தைரியமாக இருக்கும் என்று ஒரு கணக்கு. ராமலிங்கம் வெள்ளைச் சட்டையில் வந்தார். பின்னாலேயே மலரும் இறங்கினாள். அவள் வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இழுவிசை, இன்ஜெக்டர் எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயின.

மறந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாமா? இல்லை. நின்றுகொண்டிருந்த இரண்டு வண்டிகளையும் மூன்று சுற்று சுற்றிவந்தேன். பானெட்டை விரல் முட்டியால் தட்டினேன். டயரைத் தட்டினேன். கண்ணாடியையும் தட்டியதாக மலர் இன்றைக்கும் சொல்கிறாள், நான் மறுக்கிறேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா, எஞ்சினும் சூட்டுல வேகற பொருளுதான். வெந்த பொருளு பொய் சொல்லாது. சத்தத்த வச்சே சொல்லிடலாம்" என்றேன். அந்தோணி அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

முதலில் நீல வண்டியை ஓடவிட்டார்கள். கண்ணை மூடிக் கேட்டேன். "உள்ள ஒரு நடுக்கம் இருக்குது. இது கீறல் வுட்ட சத்தம். வேணாம் மாமா" என்று கழித்துவிட்டேன். அடுத்து வெள்ளை. விற்கிறவர் சாவியைத் திருப்பினார். தடதடவென்று எழுந்தது சத்தம். மறுபடி கண்ணை மூடினேன்.

அந்தத் தடதடப்பு எனக்குள் மெல்ல இறங்கியது. வேப்பூர் ரோடு தெரிந்தது. விடிந்தும் விடியாத நேரம், இரண்டு பக்கமும் பனி மூடிய சோளக்கொல்லை. வெள்ளை வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். (கனவில் கிளட்ச் கிடையாது, அதனால் சிரமமில்லை.) பின்னால் வைக்கோலுக்குள் ஆயிரம் விளக்குகள் அசையாமல் தூங்கின. பக்கத்து சீட்டில் மலர், ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, காற்றில் பறக்கிற முடியை ஒதுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எங்கே போகிறோம் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. ரோடு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

நடுவில் எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. தடதடப்பு அடங்கி, ஆழமாக, நிதானமாக ஒரு உருளல் மட்டும் மிஞ்சியது. எவ்வளவு பழக்கமான சத்தம்! பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதைப் போல மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. எஞ்சின் சூடேறிப் பதத்துக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னேன். "கேட்டீங்களா மாமா? சூடானதும் கொரலு எறங்குது பாருங்க. இதுதான் எஞ்சினு. ஒரு பிசிறு கெடையாது. இன்னும் பத்து வருசத்துக்கு இது நிக்காது."

எல்லாரும் என் தீர்ப்பில் மயங்கி நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மெல்லக் கண்ணைத் திறந்தேன்.

விற்கிறவர் இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். வண்டிச் சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

ராமலிங்கம் மிகவும் மரியாதையாகச் சொன்னார். "தம்பி, அவருக்குப் போன் வந்துது. வண்டிய ஆப் பண்ணி அஞ்சு நிமிசம் ஆவுது."

"அப்ப... இந்தச் சத்தம்?"

அவர் பின்சுவரைக் காட்டினார். "அத நீங்கதான் சொல்லணும். அது உங்க கம்பெனிதானே?"

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் யூனிட்டின் மண் அரைக்கிற மில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய இரும்பு உருளைக்குள் மண்ணும் தண்ணீரும் கூழாங்கல்லும் போட்டு ஓடவிடுவார்கள். ஒருமுறை போட்டால் அரைபட்டு முடிகிற வரை நிறுத்த மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். எட்டு வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் என் பகல் முழுவதும் கழிகிறது. கேட்டுக் கேட்டு, அது சத்தம் என்பதையே காது மறந்துவிட்டிருக்கிறது. அதைத்தான் பிசிறில்லாத எஞ்சின் என்று பெண்ணுடைய அப்பாவுக்கு நான் சிபாரிசு செய்திருந்தேன்.

மலர் நீல வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டாவை வாயில் அடக்கிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் தோள் இரண்டும் குலுங்கின. ராமலிங்கம் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டு நீல வண்டியின் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஆயில் குச்சியை உருவி இரண்டு விரலில் தேய்த்து முகர்ந்தார். புகையைப் பார்த்தார். தானே ஏறி ஜங்ஷன் வரை ஓட்டிவிட்டு வந்தார். நான் கழித்துப்போட்ட நீல வண்டிக்கே விலை பேசிக் கை கொடுத்துவிட்டு, "வரேன் தம்பி" என்று புறப்பட்டார். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. வண்டி போன தூசியில் கொஞ்ச நேரம் நின்றேன். சுவருக்குப் பின்னால் மில் ஓடிக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

மூன்று நாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் அந்தோணி அண்ணனே யூனிட்டுக்குள் வந்துவிட்டார்.

"பொண்ணு சரின்னுடுச்சிடா."

"விளையாடாதீங்கண்ணே."

"சத்தியமா. 'வண்டியப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியலப்பா. ஆனா கண்ண மூடி நின்னாரே, அப்படி நிம்மதியா ஒரு மனுசன நான் பார்த்ததில்ல'ன்னுச்சாம். அவங்கப்பா ராத்திரி பூரா யோசிச்சிட்டு, 'ஏமாத்துறவன் இப்புடி மாட்டமாட்டான்'னாராம்."

நான் கையிலிருந்த விளக்கைக் கீழே போட்டு உடைத்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

கல்யாணமாகி மலர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நீல வண்டி இன்றுவரை ஒரு பெல்ட் மாற்றியதோடு சரி. அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேப்பூர் ரோட்டில் போயிருக்கிறேன். வண்டியைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

ஆனால் வீட்டில் விடுவார்களா? மலருக்குப் பிரசவ வலி எடுத்த அன்று காலை, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனாரும் நானும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உயிரே இல்லை. திடீரென்று உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் அழுகை. கணீரென்று, ஒரு பிசிறில்லாமல். நான் எழுந்து நின்று கண்ணை மூடிக் கைகூப்பினேன். தாரை தாரையாகக் கண்ணீர். மாமனார் என் தோளைத் தொட்டார்.

"மாப்ள, அவசரப்படாதீங்க. நம்ம வூட்டுப் புள்ளதானா, பக்கத்து ரூமுதானான்னு மொதல்ல கேட்டுக்கலாம்."

பக்கத்து ரூம்தான். அந்தக் குழந்தையின் அப்பா வந்து எங்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் பெண் பிறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பிறந்தபோது அவள் அழவே இல்லை, ஒரு சின்னத் தும்மல்தான் போட்டாள். நர்ஸ் வந்து கையில் கொடுக்கும் வரை எனக்குத் தெரியாது.

அவளுக்கு இப்போது மூன்று வயது. மலரின் ஊரான மங்களூரில் திருவிழாக் கூட்டத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் மாமனார் என் பக்கம் திரும்பி, "மாப்ள, நம்மளுதா?" என்று கேட்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் எழுந்து போய், அவளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.