கடலை நுழையாத வீடு

உலகப் பாதுகாப்பின் வரலாற்றை யாராவது எழுதத் துணிந்தால், அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும். வீட்டுத் தலைவர் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. மகளுக்கு நான்காம் மாதம் கரப்பான் என்ற தோல் நோய் வந்து கன்னமும் முழங்கையும் வெடித்தன. யாரோ கடலை தின்று முகம் வீங்கிய வீடியோவை அதே வாரம் பார்த்தார். உடனே 'வேர்க்கடலைத் தடை ஆணை' அமலுக்கு வந்தது.

மைத்துனர் வந்தாலும் வாசலிலேயே சோதனை.

"அத்தான், பையில பஸ் டிக்கெட்தான் இருக்கு."

"டிக்கெட்டைப் பிரிச்சுக் காட்டுங்க."

"மடிச்சு வைக்கிறதுக்குக் கடலை என்ன வைரமா?"

மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, ஆறு மாசத்துல கொஞ்சமா கடலை விழுது குடுத்துப் பழக்கலாம்னு டாக்டர் சொன்னாங்களே?"

"டாக்டருக்கு வைத்தியம் தெரியும். பாதுகாப்பு தெரியாது!"

பதினோராம் மாதம் மகள் எதிர்வீட்டுக் குழந்தையின் பிஸ்கட்டைப் பிடுங்கிக் கடித்தாள். கடலை பிஸ்கட். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அதிகாரிக்கு உயிரே இல்லை.

ஊசி போட்டதும் வீக்கம் வடிந்தது. அவருக்கும் குரல் திரும்பியது.

"ஒரு பருப்புகூட உள்ள விட்டதில்லை டாக்டர்! இது எப்படி வந்துச்சு? எனக்கு விசாரணை வேணும்."

"வாய் வழியா சீக்கிரமே வந்தா உடம்பு அதைச் சாப்பாடுன்னு பழகிக்கும். வெடிச்ச தோல் வழியா வந்தா எதிரின்னு நினைச்சுக்கும்," என்றார் டாக்டர். "கரப்பானுக்குக் களிம்பு யார் தடவுறது?"

"நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டேன்."

"செருப்பைக்கூடக் கழட்ட மாட்டார், டாக்டர். நேரா பாப்பாகிட்டதான்," என்றாள் மனைவி பெருமையாக.

"வர்ற வழியில ஏதாவது சாப்பிடுவீங்களா?"

அதிகாரி கூரையைப் பார்த்தார். "வறுத்த கடலை... வீட்டுல தடை இருக்கு இல்லையா? அதான் பஸ்லயே முடிச்சிடுவேன்."

மனைவி அவர் கையையே பார்த்தாள்.

"முதல்ல தோலை ஆத்துவோம்," என்றார் டாக்டர். "அப்புறம் இங்கேயே, என் கண் முன்னாடி, துளித்துளியா பழக்க முடியுமான்னு பார்ப்போம். வீட்டுல எதுவும் முயற்சி பண்ணாதீங்க."

விசாரணை முடிந்தது. அத்தனை மாதக் காவலில் அந்தக் குழந்தைக்கு ஆபத்து ஒரே வழியில்தான் வந்திருக்கிறது. தினமும் மாலை ஆறரைக்கு, அன்போடு, அப்பாவாக.