கணக்குப் பிரிவின் ஸ்விட்ச்சைப் பணியவைத்த படலம்

வாழ்க! நீலக் கேபிள் மாலை தோளில் புரள, கேபிள் நுனியை நெரித்து இறுக்கும் கிரிம்பிங் கருவி இடுப்பில் வாளெனத் தொங்க, ஏணியையே தேராகக் கொண்டு, பொய்க்கூரைப் பலகைகளைத் தலையால் முட்டித் திறந்து, தூசிமழையில் நீராடி எழும் தீரன் வாழ்க! இன்டர்நெட் ஓடும்வரை எவர் நினைவிலும் இராதவனும், நின்ற மறுகணமே எல்லார் வாயிலும் இருப்பவனும், ஒரு முழுக் கட்டடத்தின் வலைப்பின்னலுக்கு ஏகசக்கரவர்த்தியும், ஆனால் சாயாத நாற்காலி ஒன்றுகூடச் சொந்தமாக இல்லாதவனுமாகிய வயர்த்திலகன் வாழ்க! பெற்றோர் இட்ட பெயர் அவனது சம்பளச் சீட்டில் மட்டுமே உயிர்வாழ்ந்தது. அலுவலகம் அவனை 'வயர்' என்றழைத்தது. அதுவும் இன்டர்நெட் நின்றால்தான்.

சர்வர் அறையின் ஏசியே! ஒழுகும் நீருக்கு அடியில் பெயின்ட் வாளி வைக்கப்பெற்ற பெருந்தகையே! இக்காதைக்கு நீயே காப்பு. உன் உறுமலைச் சுருதியாகக் கொண்டு தொடங்குகிறேன். பாதியில் நின்று என் மானத்தை வாங்கிவிடாதே.

அவ்வறையாவது, பெயரில் மாளிகை, அளவில் அலமாரி. உடைந்த நாற்காலிகள் மூன்று, தரை துடைக்கும் மாப்பு ஒன்று, யாரோ பணி ஓய்வு பெற்றபோது விட்டுச்சென்ற நெகிழிப் பூச்சாடி ஒன்று ஆகிய அமைச்சர்கள் சூழ, அங்கே வயர்த்திலகன் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேள்வி இயற்றுவான். கட்டடமெங்கும் கணினிகளை ஒன்றோடொன்று கோத்து நிற்கும் பெட்டிகள் உண்டே, ஸ்விட்ச் என்றும் ரவுட்டர் என்றும் அழைக்கப்படுபவை, விளக்கு போடும் ஸ்விட்ச்சோடு இவற்றைக் குழப்பிக்கொண்டால் அவன் மூன்று நாள் பேசமாட்டான், அவை ஒவ்வொன்றின் உள்ளும் அதன் அறிவு முழுவதும் எழுத்தாய்ப் பொதிந்திருக்கும். பெட்டி ஒருநாள் புகைந்து மாண்டால், அந்த எழுத்தைப் புதுப்பெட்டியில் ஏற்றி உயிர்ப்பிக்கலாம். அதற்காக அவன் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பாஸ்வேர்டு சொல்லி நுழைந்து, எழுத்தனைத்தையும் திரையில் வரவழைத்து, நகலெடுத்து, ஒரு ஃபைலில் ஒட்டி, அதற்கு 'கடைசி' என்றும், மறுவாரம் 'கடைசி புதுசு' என்றும், அதற்கடுத்த வாரம் 'இதான் கடைசி' என்றும் நாமகரணம் செய்வான். இதற்குப் பேக்கப் என்று பெயர். மதிய உணவுக்குப் பின் தொடங்கினால், காவலாளி விளக்கணைக்க வரும்போதுதான் முடியும்.

இந்த வேள்விக்குப் பலியானவை அவனுடைய வெள்ளிக்கிழமைகள். மனைவியின் குடும்பத்தார் வேன் பிடித்து எங்கு புறப்பட்டாலும் வெள்ளி மாலையே புறப்படுவர். மலைக்குப் போனார்கள், அவன் போகவில்லை. அருவிக்குப் போனார்கள், அவன் போகவில்லை. பின்னர் வந்த புகைப்படங்களிலெல்லாம் அவன் நிற்கவேண்டிய இடத்தில் அவனுடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையை மணந்த அந்தப் புன்னகை மன்னன், நினைத்த போதெல்லாம் லீவு கிடைக்கும் அந்த நல்லூழ்ச் செல்வன், இரு கைகளையும் அகல விரித்து நின்றிருந்தான்.

"என்ன சகலை, உங்க ஆபீஸ்ல உங்களை விட்டா ஆளே இல்லையோ? இல்ல, நீங்க வீட்டுல சொல்றதே வேறயோ?" என்று அவன் போனில் சிரித்தது, நெருப்பில் தோய்ந்த அம்பென வந்து வயர்த்திலகனின் மார்பில் தைத்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மனைவியின் மார்பிலும் தைத்தது.

அன்றே அவ்வீட்டரசி, துவைத்த துணிகளை மடித்து அடுக்கியபடி, எண்திசையும் அதிரப் பிரகடனம் செய்தாள்:

"ஏங்க, இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலுக்கு வேன் கிளம்புது. நீங்க ஏறினா ஏறுங்க. ஏறலைன்னா உங்க ஸ்விட்ச்சோடவே குடும்பம் நடத்துங்க. அதுக்கும் ரெண்டு சட்டை மடிச்சு வெச்சிடறேன்."

மடிக்கப்பட்ட சட்டைகளைக் கண்டான் வீரன். இது பேச்சன்று, படைதிரட்டல் என்று தெளிந்தான்.

மறுநாள் காலை அவன் மேனேஜரின் கண்ணாடி அறைமுன் நின்றான். மேனேஜராவார், எதையும் நம்பாமையால் அப்பதவியை அடைந்தவர். லிஃப்ட்டின் பொத்தானை அழுத்திவிட்டு, அது வருகிறதா என்று மாடிப்படியையும் எட்டிப்பார்ப்பவர்.

"லீவா? வெள்ளிக்கிழமையா? பேக்கப்பை யாரு எடுப்பா?"

"ஸ்கிரிப்ட் எழுதப்போறேன் சார். கம்ப்யூட்டரே ஒவ்வொரு பெட்டியா உள்ள போய் எடுத்துக்கும். முடிஞ்சதும் மெயிலும் அனுப்பிடும். எல்லாம் தானா நடக்கும்."

"தானா நடக்கிற எதையும் இந்த ஆபீஸ்ல நான் பார்த்ததில்லய்யா. அந்தத் தானியங்கிக் கதவே தள்ளினாத்தான் திறக்குது." மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். அது அவருடைய சங்கநாதம். "புதன்கிழமை என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டுங்க. நீங்க கீபோர்டுல கை வைக்கக்கூடாது. ஒரு ஃபைல் குறைஞ்சாலும் லீவு கிடையாது."

அக்கணமே போர் மூண்டது. அவன் எழுதிய ஸ்கிரிப்ட் என்னும் சேனை, வரிவரியாய் அணிவகுத்து, பாஸ்வேர்டு என்னும் திறவுகோல் ஏந்திப் புறப்பட்ட கோலத்தை எங்ஙனம் உரைப்பேன்! வாயிலில் நின்ற ரவுட்டர் வழிவிட்டது. வரவேற்பறை மேசைக்கடியில், யாருடைய காலணிகளுக்கோ நடுவே தவம் கிடந்த சிறு ஸ்விட்ச் தன் அறிவையெல்லாம் வாரி வழங்கிற்று. கூரைதோறும் வெள்ளைக் காளான்களெனப் பூத்திருந்த வைஃபை பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பணிந்தன. கழிவறைக்குப் பின்புறம், துடைப்பங்களின் தோழமையில் வாழ்ந்த ஸ்விட்ச்கூட முகம் சுளிக்காமல் கப்பம் கட்டியது. போகிற போக்கில் சேனை எல்லாப் பெட்டிகளின் கடிகாரத்தையும் திருத்தியது. பழைய குப்பை ஃபைல்களைக் களைந்தது. திரையில் வெற்றி, வெற்றி, வெற்றி என்று பச்சை எழுத்துக்கள் கொடிகளாய்ப் பறந்தன. எண்ணிப் பார்த்தான், ஒரு ஃபைலும் குறையவில்லை. புதன்வரை பொறுக்கமாட்டாமல் அப்போதே மேனேஜரை அழைத்தான்.

மேனேஜர் வந்தார். பச்சையைப் பார்த்தார். பச்சையை நம்பாதவர் ஆகையால் ஏதோ ஒரு ஃபைலைத் திறந்தார். விதி அவர் விரலைப் பிடித்து இழுத்துச் சென்ற இடம், ஐயகோ, 'பெரியவர்' என்னும் ஃபைல்.

யார் இந்தப் பெரியவர்? கணக்குப் பிரிவின் இரும்பு அலமாரிமேல், சிலந்தி வலைப் போர்வை போர்த்து, யார் வாங்கினார் எப்போது வாங்கினார் என்று எவரும் அறியாமல், சோர்வறியாது மினுக்கிக்கொண்டிருந்த ஆதிகால ஸ்விட்ச். இதைத் தயாரித்த கம்பெனி மூடிப்போய்விட்டது. அந்தச் செய்தி இதற்கு இன்னும் எட்டவில்லை.

"என்னய்யா இது, ஒரு பக்கத்தோட நிக்குது? கடைசியில 'இன்னும் உண்டு'ன்னு போட்டிருக்கு. பேக்கப் எடுத்தீங்களா, தொடர்கதை எழுதினீங்களா?"

வயர்த்திலகனின் கண்முன் கடல் வற்றியது. சகலை மீண்டும் கைகளை விரித்தான்.

எங்கே பிழை? ஆண்டாண்டாய்த் தன் கையால் எடுத்தபோது முழுதாய் வந்த எழுத்து, இப்போது மட்டும் ஏன் முதற்பக்கத்தோடு முறித்துக்கொள்கிறது? கணினிமுன் அமர்ந்து பழைய முறைப்படியே தன் கையாலேயே எடுத்துப் பார்த்தான். வந்தது, குறையின்றி. மீண்டும் எடுத்தான். வந்தது. மூன்றாம் முறை எடுக்கையில்தான், கண் திரையிலிருந்து வழுக்கிக் கீபோர்டின்மேல் விழ, அங்கே அவனது வலக்கைக் கட்டைவிரல், எஜமானனிடம் ஒரு வார்த்தை கேளாமல், ஸ்பேஸ் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டான்!

ஆ, கட்டைவிரலே! பெரியவர் ஒரு பக்கம் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் கேட்கிறாரா என்று நிறுத்தும் குணமுடையவர். ஸ்பேஸ் தட்டினால்தான் அடுத்த பக்கம். அந்த வழக்கத்தை விரல் கற்றது, விரலோடு வைத்துக்கொண்டது, மூளைக்குச் சொல்லவே இல்லை. மூளை எழுதிய ஸ்கிரிப்ட்டில் விரலுக்கு வேலையே கொடுக்கப்படவில்லை. பாவம், சேனை முதற்பக்கத்தின் முடிவில் நின்று, அடுத்து என்ன என்று தெரியாமல், கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது.

சினந்தான் வீரன். 'பக்கம் பக்கமாய்ச் சொல்லாதே, ஒரே மூச்சில் சொல்' என்று பெரியவருக்குக் கட்டளை அனுப்பினான். இளைய ஸ்விட்ச்சுகளெல்லாம் சிரமேற்கொள்ளும் கட்டளை அது. பெரியவரோ, அப்படியொரு சொல்லைத் தம் வாழ்நாளில் கேட்டதில்லை என்று பதில் அனுப்பினார். மேலும் சினந்தான். ஸ்பேஸ் வேண்டுமா? இந்தா என்று, கார்கால மேகம் கல்மழை பொழிந்தாற்போல, ஒரு நொடியில் ஓராயிரம் ஸ்பேஸ்களை ஸ்கிரிப்ட்டின் வழியே அவர் தலையில் கொட்டினான்.

பெரியவர் திகைத்தார். மினுக்கலை நிறுத்தினார். ஒரே ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிட்டு மோனத்தில் ஆழ்ந்தார்.

அப்போது கேட்டது ஒரு நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் ஓசை. அந்த ஓசைக்கு அஞ்சாதார் அக்கட்டடத்தில் இல்லை. மூக்குக்கண்ணாடிச் சங்கிலி மின்னலென அசைய, ஸ்டேப்ளர் ஏந்திய கையளாய், பாதி அச்சில் கிழிந்த தாளொன்றைப் பகைவனின் கொடியெனப் பற்றிக்கொண்டு, கணக்கு மேடம் சர்வர் அறை வாயிலை மறைத்து நின்றாள்.

"வயர்! என் பிரிண்டர் தாளோட தலையைத் துப்பிட்டு உடம்பை உள்ள வெச்சிருக்கு. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம், சும்மா ஸ்பேஸ்தான்..."

"உங்க ஸ்பேஸை உங்க ரூமுக்குள்ள வெச்சுக்குங்க. அந்தப் பெட்டி நான் சேர்ந்த நாள்ல இருந்து இருக்கு. ஒரு நாள் லீவு போட்டதில்ல. அதை அதட்டினா எனக்குப் பிடிக்காது."

வீரன் ஏணி சுமந்து சென்றான். சிலந்திகளிடம் மன்னிப்புக் கோரி, பெரியவரின் பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மீண்டும் செருகினான். எல்லா ஞானமும் இறுதியில் வந்தடையும் இடம் இதுவே. பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தார்; பிரிண்டர் மிச்ச உடம்பைத் துப்பியது.

ஏணியின் உச்சியில், கணக்கு மேடத்தின் கண்காணிப்பில், அவனுக்கு உண்மை விளங்கிற்று. பெரியவர் பகைவரல்லர், நிதானமானவர். அவர் 'இன்னும் உண்டு' என்று சொல்லி முடிக்கும்வரை வாயைப் பொத்திக் காத்திருக்கவேண்டும். சொன்னபின், ஒரே ஒரு ஸ்பேஸ். பிறகு மறுபடி காத்திருக்கவேண்டும். கீழிறங்கி அதை அப்படியே எழுதினான். சேனைத்தலைவனாய் எழுதத் தொடங்கிய ஸ்கிரிப்ட்டை, மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகனின் பணிவோடு எழுதி முடித்தான். எழுத்து அரைகுறையாய் வந்தால் பச்சை காட்டாதே, சிவப்புக் காட்டு என்றும் ஒரு வரி சேர்த்தான்.

புதனும் புலர்ந்தது. களம்: கண்ணாடி அறை. சாட்சிகள்: மேனேஜர், அழையாமலே வந்த கணக்கு மேடம். விதிப்படி வயர்த்திலகன் கீபோர்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, டீ டம்ளரை இரு கைகளாலும் பற்றி அமர்ந்தான். சேனை புறப்பட்டது. ரவுட்டர், பச்சை. வரவேற்பறை, பச்சை. காளான்கள், துடைப்பத் தோழன், பச்சை பச்சை. பின்னர் பெரியவர். ஒரு பக்கம். நின்றது. மூவரும் மூச்சை அடக்கினர். ஸ்கிரிப்ட் காத்திருந்தது, பிறகு பணிவாய் ஒரு ஸ்பேஸ். மறு பக்கம். காத்திருப்பு. ஸ்பேஸ்.

வயர்த்திலகனின் கட்டைவிரல், வேலை பறிபோன அதிர்ச்சியில், டம்ளரின் விளிம்பில் தானாகத் துள்ளியது.

"வயர், கை!" என்றார் மேனேஜர்.

"டீ சார், சூடு."

பக்கம் மேல் பக்கமாய்ப் பெரியவர் தம் வரலாறு முழுவதையும் உரைத்தருளி, கடைசி வரியையும் சொல்லி ஓய்ந்தார். பச்சை! மேனேஜர் ஃபைலைத் திறந்து, அடிவரை உருட்டி, நம்பாமல் மறுபடி மேலே உருட்டி, பழைய ஃபைலோடு ஒப்பிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி, இம்முறை மாட்டாமல், லீவுக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

"பரவாயில்ல. மரியாதையா கேட்டிருக்கு," என்று கணக்கு மேடம் தன் ஸ்டேப்ளரோடு எழுந்து போனாள்.

வெள்ளி மாலை, ஆர்ப்பரிக்கும் அலைகள் முரசென முழங்க, அந்திச் செங்கதிர் அவன் முகத்தைக் கழுவ, காற்றில் சட்டை கொடியெனப் படபடக்க, சகலையும் கொழுந்தியாளும் குழந்தைகளும் மணலெங்கும் சிதற, வேனிலிருந்து இறங்கிய வயர்த்திலகனின் சட்டைப்பையில் போன் சிலிர்த்தது. எடுத்தான், படித்தான், மார்பு விம்மியது. ஒரு பெட்டி விடாமல், ஒரு வரி விடாமல், மானுடக் கை படாமல், பேக்கப் முடிந்தது என்றது மெயில். ஆண்டாண்டுக் கால அடிமைத்தளை அறுந்த அந்நன்னேரத்தில், கடலும் வானும் மேனேஜரின் கண்ணாடி அறையும் கேட்கும்படி, வலக்கையை உயர்த்தி அவன் முழங்கினான்:

"பாத்தியா! எல்லாம் தானா நடந்திருச்சு!"

மனைவி வேனுக்குள் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க, இந்தப் பையைத் தூக்குங்க."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.