ஒராள் மாமா காப்பாற்றிய அரசாங்கம்

இந்த நாட்டில் ஓர் அரசாங்கம் கவிழாமல் தப்பியதற்கு ஒரே காரணம் எங்கள் சாய்ந்தமருது ஒராள் மாமாதான். நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் நானும் தேடிப் பார்த்தேன், இல்லை. மாமாவிடம் கேட்டால், புத்தகம் எழுதியவர்களுக்கு விஷயம் போதாது என்பார்.

எங்கள் பக்கத்து விருந்துகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து, அந்த ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவார்கள். ஆறாவது ஆள் வரும்வரை சோற்றில் யாரும் கை வைப்பதில்லை. ஐந்து பேர் கை கழுவிவிட்டுக் காத்திருக்கும்போது கூப்பிட்டால், மாட்டேன் என்று சொல்லும் துணிவும் யாருக்கும் கிடையாது. இந்த இரண்டையும் வைத்துத்தான் மாமா நாட்டை நடத்தினார். தோளில் வெள்ளைத் துவாயோடு பந்தல் வாசலில் நின்று, "ஒராள் குறையுது! ஒராள் வாங்க!" என்று கத்துவார். வராவிட்டால் இழுப்பார். நிந்தவூர்க் கல்யாணம் ஒன்றில் ஆள் அகப்படாமல், அக்கரைப்பற்று பஸ்ஸை மறித்துக் கண்டக்டரை இறக்கினாராம். அவர் சாப்பிட்டு முடியும்வரை பஸ் நின்றது. பயணிகள் ஏசவில்லை, தங்களையும் கூப்பிடுவாரா என்று எட்டி எட்டிப் பார்த்தார்களாம்.

அரசாங்கத்தைக் காத்த கதை மருதமுனையில் நடந்தது. மேடைகளில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்த இரண்டு எம்.பி.மார் ஒரே கல்யாணத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் இருந்த சஹனில் ஆள் போதவில்லை. மாமா மற்றவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சேர், ஒராள்."

"நான் அங்கால இரிக்கன், மாமா."

"அங்கால நிரம்பிட்டு. இஞ்ச அஞ்சு பேர் கைய கழுவிட்டு இரிக்காங்க. சோறு ஆறுது, சேர்!"

இருந்தார். சாப்பிட்டார். பிறகு வந்த வாக்கெடுப்பில் இரண்டு பேரும் ஒரே பக்கம் கை உயர்த்தினார்களாம், அரசாங்கம் தப்பியதாம். மருதமுனையில் சொல்லும்போது அவர் எம்.பி.; கதை சவளக்கடைக்குப் போய்ச் சேரும்போது பிரதமர்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டவள்தான் நான், என் மகன் பிறந்ததற்காகக் கொடுத்த அகீகா விருந்து வரும்வரை.

உள்ளூர்த் தேர்தலில் என் மூத்த அண்ணன், எங்கள் காக்கா, நின்றார். என் கணவரோ எதிர்த்து நின்ற தன் கூட்டாளிக்காக மோட்டார் சைக்கிளில் ஊரெல்லாம் திரிந்தார். காக்கா தோற்றார். அன்றோடு மச்சானும் மச்சானும் கதைப்பதில்லை. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். நான் இருக்கும் வீடு காக்கா வெளிநாட்டில் உழைத்துக் கட்டித் தந்தது. அந்த வீட்டு வாசலை அவரே மிதிக்கவில்லை. மருமகன் பிறந்ததைக்கூட போனில்தான் பார்த்தார். அழைத்தால் சண்டை வருமோ, அழைக்காவிட்டால் உறவே விட்டுப்போகுமோ என்று பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் யோசித்தேன். கடைசியில் அழைத்துவிட்டு, ஏன் அழைத்தேன் என்று யோசித்தேன். பிறகு மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, ரெண்டு பேரையும் தூரத் தூர இருத்துங்க. ஒராள் முத்தத்துல, ஒராள் ஹோலுக்குள்ள."

"ஓம் மகள். அரசாங்கத்தையே பார்த்த எனக்கு உங்கட மாப்புள பெரிய ஆளா? பயப்பிடாதீங்க."

விருந்தன்று பெண்கள் இருந்த அறையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். காக்கா வந்துவிட்டார், ஹோலுக்குள் இருந்தார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி மாமாவும் அதே ஹோலுக்குள் வந்தார். காக்காவின் சஹனிலேயே இருத்தினார். அல்லாஹ்வே! வாயால் ஓம் சொன்ன மனிதர்!

அப்படியும் சஹனில் ஒராள் குறைந்தது. மாமா வாசலுக்கு ஓடினார்.

"ஒராள் குறையுது!"

ஆள் இல்லை. மற்ற எல்லோரும் சோற்றில் கை வைத்துவிட்டார்கள். ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது.

"மாமா, அந்தப் பூனைய இருத்துங்க!" என்று அடுத்த சஹனிலிருந்து யாரோ கத்தினார்கள்.

காக்கா, தான் கட்டிய கூரையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறியது. இன்னும் கொஞ்சம் போனால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் எழும்பிவிடுவார்.

"மாமா, நீங்க இரிங்களன்," என்றார் காக்கா.

"நானா? நான் இரிந்தா ஆரு ஆள் பாக்குற? நான் ஒரு நாளும் இரிந்ததில்ல, தம்பி." சொல்லிக்கொண்டே மாமா பின்னால் நகர்ந்தார். இவ்வளவு காலமும் ஊரை இழுத்தவருக்கு, தன்னை இழுத்தால் கூச்சம். காக்கா எட்டி ஒரு கையைப் பிடித்தார். மாமா உதறினார்.

"மச்சான்! மத்தக் கைய புடிங்க! ஓடப் போறார்!"

இவர் பாய்ந்து பிடித்தார்.

"விடுங்கடா டேய்! துவாய் கிழியுது!"

இருத்திவிட்டார்கள். காக்கா நடுவில் இருந்த இறைச்சியைப் பிய்த்து முதலில் மாமா பக்கம் தள்ளினார். பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, இவர் பக்கமும் ஒரு துண்டு. சாப்பிட்டு எழும்பியதும் காக்கா திரைச்சீலைக்கு வெளியே நின்று, "புள்ளயத் தாகா," என்று கை நீட்டினார்.

மாமா இப்போது இந்தக் கதையையும் சொல்லித் திரிகிறார். சவளக்கடையில் என் கணவர் ஏற்கெனவே அமைச்சராகிவிட்டார் என்று கேள்வி. ஆனால் தானும் அன்று இருந்து சாப்பிட்டதை மட்டும் எங்குமே சொல்வதில்லையாம். அதனால் நான் எழுதி வைக்கிறேன்: எங்கள் சஹனில் அன்று குறைந்த ஒராள் அவர்தான்.